தேனீக் குடும்பத்தின் ஓராண்டும் உத்தம சம்யமமும்

(தசலட்சணப் பெருவிழாவின் ஆறாம் நாளன்று ஆற்றிய உரை)

 

பத்து அறங்களுள் ஆறாவதாகிய உத்தம சம்யமத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சம்யமத்தைத் தமிழில் அடக்கம் என்கிறோம். நம் ஆசாரியர்கள் அதனை இரண்டாகப் பகுத்தனர். ஐம்பொறிகளையும் மனத்தையும் அடக்குவது இந்திரிய சம்யமம். நம் செயலால் பிற உயிர்க்குத் துன்பம் நேராதபடி காத்துக்கொள்வது பிராணி சம்யமம். இவற்றைச் சாத்திரமுறையில் விளக்க வல்ல பண்டிதர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நானோ பள்ளியில் தமிழ் கற்பித்தவன்; எதனையும் எடுத்துக்காட்டின் வழியே சொல்லிப் பழகியவன். ஆகவே ஒரு தேனீக் குடும்பம் ஓராண்டுக் காலத்தில் என்னென்ன செய்கிறது என்பதைச் சொல்லி, அதன் வழியே இவ்விரு சம்யமங்களையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் பேரன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, “தாத்தா, பெட்டியில் வளர்த்து எடுக்கும் தேனில் ஈ எதுவும் சாவதில்லையாமே? பிறகு நாம் ஏன் தேன் சாப்பிடக் கூடாது?” என்று கேட்டான். “அது பாவம்” என்று சொல்லிவிட்டேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் விடை கிடைக்காத மாணவன் வாய்மூடி அமர்வது எப்படியிருக்கும் என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்குத் தெரியாதா? அன்றிரவு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை.

அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. முதலில் நம் நூல்கள் சொல்வதைப் பார்ப்போம். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலைச் சேர்த்து, இல்லறத்தார்க்கு உரிய எட்டு மூலகுணங்கள் என்று வகுத்தார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது நம் அருங்கலச்செப்பு. கள்ளோடும் ஊனோடும் தேனை ஏன் ஒரே வரிசையில் வைத்தார்கள்? தேனீ நான்கு பொறிகளை உடைய உயிர். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வோர் அறிவு கூடிவரும் வரிசையைக் காட்டும்போது வண்டினத்தை நான்காம் படியில் வைத்தார். தொல்காப்பியரும் நான்கறிவு உயிர்க்குத் தும்பியைச் சான்று காட்டினார். அக்காலத்தில் தேன் எடுப்பது என்றால், தீமூட்டிப் புகையிட்டு ஈக்களை விரட்டி, அடையை அறுத்து, அதனை அப்படியே பிழிவது. அடையில் தேன் மட்டுமா இருக்கும்? முட்டை இருக்கும், புழு இருக்கும், இறகு முளைக்கும் நிலையில் கூட்டுப்புழுவும் இருக்கும். பிழியும் கையில் அத்தனையும் நசுங்கும். ஒரு துளித் தேனில் எத்தனை உயிரின் சாறு கலந்திருக்கிறதோ என்று ஆசாரியர்கள் அஞ்சியதில் மிகை ஏதும் இல்லை.

ஆனால் காலம் மாறியது. 1851ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்னும் பாதிரியார், அடைகளைச் சட்டம் சட்டமாகத் தூக்கி எடுத்துத் திரும்ப வைக்கத்தக்க பெட்டிக்கு வழி கண்டார். 1865இல் ஹ்ருஷ்கா என்பவர், அடையைச் சிதைக்காமல் சுழற்றியே தேனைப் பிரிக்கும் கருவியைச் செய்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ற சிறு பெட்டியை வடிவமைத்தார். பிழிதல் இல்லை, புழு நசுங்குவதில்லை, ஈக்கள் திரும்ப அதே அடையில் சென்று அமர்கின்றன. அப்படியானால் விரதத்தின் காரணம் போய்விட்டதா? என் பேரன் கேட்டது இதைத்தான்.

இக்கேள்வியோடு நான் இருக்கும்போது, நம் ஊர் அன்பர்கள் சிலரோடு கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குச் செல்லும் வாய்ப்பு வந்தது. திருச்சாரணத்துமலை என்று பழம்பெயர் பெற்ற அம்மலையில், பாறையில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் கண்டு வணங்கினோம். பார்சுவநாதரின் முடிமேல் விரிந்த நாகப்படத்தில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. ஆவணி மாதம் அது. மலையிலிருந்து இறங்கி மார்த்தாண்டத்தை நோக்கி வரும் வழியில், ரப்பர் மரங்களின் நிழலில் சிறுசிறு மரப்பெட்டிகள் கால்களின்மேல் நிறுத்தப்பட்டிருந்தன. அவை தேனீப் பெட்டிகள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் நடத்திய கிராமப் புனரமைப்புப் பணியின்போது வேரூன்றிய தொழில் அது. இன்றும் அப்பகுதியில் பல குடும்பங்களின் பிழைப்பு. வண்டியை நிறுத்தச் சொன்னேன். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை வரவேற்றார். நான் தேன் வாங்க வரவில்லை, தேனீயைப் பற்றி அறிய வந்தேன் என்றதும் அவருக்கு வியப்பு.

அவர் ஒரு பெட்டியின் அடியில் ஒரு கையைக் கொடுத்துச் சற்றே தூக்கிக் காட்டினார். “இப்ப ஒரு கையில் தூக்கிடலாம் சார். மாசியில வாங்க, ரெண்டு கை வேணும்” என்றார். பிறகு மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சீறல் ஒலி அலையாக எழுந்து அடங்கியது. நம் நாட்டு அடுக்குத் தேனீ கலைக்கப்பட்டால் அவ்வாறு ஒன்றுசேர்ந்து ஒலியெழுப்பும். பெட்டியில் நான்கு அடைகளில் மட்டுமே ஈக்கள் மூடியிருந்தன. வெறுமையாய்க் கிடந்த அடைகளை மெழுகுப் பூச்சி பற்றிக்கொள்ளும் என்பதால் அவற்றை முன்பே எடுத்துவிட்டாராம். இருக்கும் அடைகளில் நடுவே கொஞ்சம் புழுக்கள். மேல்விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்திற்குத் தேன். ஆண் தேனீ ஒன்றுகூட இல்லை. “இது ஈக்களுக்குப் பஞ்ச காலம். ஆனியிலிருந்து புரட்டாசி வரை இப்படித்தான்” என்றார்.

பெருமக்களே, அவர் விளக்கியதையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் சேர்த்து ஓராண்டுக் கதையாகச் சொல்கிறேன்.

பஞ்ச காலத்தில் மழையும் காற்றும் ஈக்களை வெளியில் விடுவதில்லை. வெளியில் சென்றாலும் பூக்கள் குறைவு. வரவு குறைந்ததைக் கூடு முழுவதும் உணர்ந்துகொள்கிறது. பணித் தேனீக்கள் இராணிக்கு ஊட்டும் உணவைக் குறைக்கின்றன. இராணி முட்டையிடுவதைக் குறைக்கிறது. வளர்க்கவேண்டிய புழுக்கள் குறைவதால் பணித் தேனீக்களின் உடல் தேய்மானமும் குறைகிறது. அவை வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் வாழ்கின்றன. சேமித்த தேனைச் சிறிது சிறிதாக உண்டு, நெருங்கி அமர்ந்து, காலம் கடத்துகின்றன. இக்காலத்தில் வலிமை குன்றிய கூட்டை வேற்றுக் கூட்டு ஈக்கள் கொள்ளையிட வருவதும் உண்டு. அதனால் வாயிலில் காவல் மிகுதி. சேமிப்பு முற்றும் தீர்ந்தால் என்ன ஆகும்? அடையை அப்படியே விட்டுவிட்டு, குடும்பம் முழுவதும் எங்கேனும் பூவுள்ள இடம் தேடிப் பறந்துவிடும். அதற்குமுன் புதிய முட்டை இடுவதை இராணி நிறுத்திவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாள்களில் நிலைமை மாறத் தொடங்குகிறது. வெளியே சென்ற ஈக்கள் பின்னங்கால்களில் மஞ்சளும் வெண்மையுமாக மகரந்தப் பொதிகளைச் சுமந்து வரும். மகரந்தம்தான் புழுக்களுக்குப் புரத உணவு. அது வரத் தொடங்கியதும் இராணி மீண்டும் முட்டையிடுகிறது. நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில். முட்டை மூன்று நாளில் புழுவாகிறது. செவிலித் தேனீக்கள் அப்புழுவுக்கு ஓயாமல் ஊட்டுகின்றன. பின் அதன் அறையை மெழுகால் மூடுகின்றன. முட்டையிட்டு ஏறத்தாழ 20 நாளில் ஒரு பணித் தேனீ மூடியைக் கடித்துக்கொண்டு வெளிவருகிறது. வந்தவுடன் அது செய்யும் முதல் வேலை, தான் பிறந்த அறை போன்ற அறைகளைத் துப்புரவு செய்வது. பிறகு புழுக்களுக்கு ஊட்டுவது, அதன்பின் தன் வயிற்றுப் பகுதியில் சுரக்கும் மெழுகுச் செதில்களைக் கொண்டு அறுகோண அறைகள் கட்டுவது, பின்னர் வாயிலில் காவல். ஏறத்தாழ மூன்று வாரம் வீட்டுக்குள் உழைத்த பின்னரே அது பூவைத் தேடி வெளியே செல்கிறது. இப்படிச் சில ஆயிரமாய்க் குறைந்திருந்த குடும்பம் இருபதாயிரம் வரைகூடப் பெருகுகிறது.

கூடு நிறைந்ததும் அடுத்த நிகழ்ச்சி கூட்டம் பிரிதல். முதலில் ஆண் தேனீக்கள் வளர்க்கப்படுகின்றன. பின் அடையின் கீழ்விளிம்பில், காராமணி முனைபோலத் தொங்கும் நீண்ட அறைகளில் புதிய இராணிகள் வளர்கின்றன. அவ்வறைகள் மூடப்பட்ட சில நாளில், ஒரு தெளிந்த வெயில் பொழுதில், ஈக்களில் ஒரு பகுதி வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அதனோடு செல்வது எந்த இராணி தெரியுமா? புதியது அன்று, பழைய இராணிதான். கட்டி முடித்த அடைகளையும், சேர்த்து வைத்த தேனையும், அறைகளில் வளரும் மக்களையும், பிறக்கப்போகும் புதிய இராணிக்கு விட்டுவிட்டு, மூத்தது வெறும் மரக்கிளைக்குச் சென்று அமர்கிறது. அங்கிருந்து புதிய பொந்து தேடிப் புறப்படுகிறது. நாளை மறுநாள் உத்தம தியாகத்தைப் பற்றிப் பேசவிருக்கும் அன்பருக்கு இந்த எடுத்துக்காட்டை விட்டுச் செல்கிறேன்.

தை பிறந்ததும் வருவது மதுர வரத்துக் காலம். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து, தை, மாசியில் புதுத்தளிர் விடுகின்றன. அத்தளிரின் காம்பில், மூன்று இலைகளும் கூடும் இடத்தில், சிறு சுரப்பிகள் இனிய நீரைக் கசிகின்றன. அங்கே கிடைக்கும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று, இலைக்காம்பிலிருந்து வருவது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. மதுரம் இருக்கும் இடத்தைக் கண்டு வந்த ஈ, இருண்ட கூட்டுக்குள் அடையின்மேல் ஆடுகிறது. அதன் ஆட்டத்தின் சாய்வு திசையையும், ஆடும் நேரம் தொலைவையும் பிற ஈக்களுக்கு உணர்த்தும். இதனைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் அறிஞர் 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கொண்டுவந்த மதுரம் அப்படியே தேனாகிவிடாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ஈக்கள் அதனை வாய்க்கு வாய் மாற்றி, சிறு துளிகளாக அறைகளில் பரப்பி, இரவெல்லாம் இறகால் விசிறுகின்றன. வாயிலில் நின்று விசிறும்போது நம் நாட்டுத் தேனீ தலையை வெளிப்புறமாக வைத்துக்கொள்ளும். இத்தாலியத் தேனீ உட்புறமாக வைத்துக்கொள்ளும். மாசி இரவில் பெட்டியருகே நின்றால் தூரத்து மழைபோல அவ்விசிறல் கேட்கும் என்றார் பெரியவர். நீர் ஐந்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்த பிறகே அறையை மெழுகால் மூடுகின்றன. அப்படி மூடிய தேன் கெடுவதில்லை. கோடை ஏறும்போது, ஈக்கள் தண்ணீர் கொண்டுவந்து அடையில் தெளித்து விசிறி, புழுக்கள் இருக்கும் பகுதியின் வெப்பத்தை 35 பாகை செல்சியசை ஒட்டியே நிறுத்துகின்றன.

சித்திரைக்குள் இலை முற்றிவிடும், மதுரம் வற்றிவிடும். பின் மழை தொடங்கும். வரவு நின்றதும் ஆண் தேனீக்கள் உணவு மறுக்கப்பட்டு வெளியேற்றப்படுகின்றன. இராணி முட்டையைக் குறைக்கிறது. நாம் தொடங்கிய பஞ்ச காலத்துக்கே வந்துவிட்டோம்.

இங்கே ஒன்றைக் கருதிப் பாருங்கள். மதுர வரத்துக் காலத்தில் உழைக்கும் பணித் தேனீயின் வாழ்நாள் ஏறத்தாழ ஆறு வாரம். மாசியில் மதுரம் சுமந்த ஈ, ஆடி மழையைக் காண்பதில்லை. அது சேர்த்த தேனை மழைக்காலத்தில் உண்பவை, அது சேர்க்கும்போது பிறந்தேயிராத ஈக்கள். நாலடியார் பாடிய நம் முனிவர்கள், ஈயாமல் சேர்த்த பொருளை இழப்பார்க்குத் தேனீயைச் சான்றாகக் காட்டினார்கள். சேர்த்தது பறிபோகும் என்னும் உண்மைக்கு அது பொருத்தமான சான்று. ஆனால் தேனீயின் சேமிப்பு கருமியின் சேமிப்பு போன்றதன்று. சேர்த்த ஈ தனக்கென்று சேர்க்கவில்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்தும் ஒரு தேக்கரண்டியை நிரப்ப இயலாத அவ்வுயிர், தான் காணப்போகாத மழைக்காலத்துக்கு, தான் காணப்போகாத மக்களுக்காக உழைத்துவிட்டுப் போகிறது.

அப்பெரியவரிடம் என் பேரனின் கேள்வியைக் கேட்டேன். அவர் நேர்மையாகப் பேசினார். “ஈயைக் கொல்லணும்னு நாங்க நெனைக்கிறதில்ல சார். ஈ செத்தா எங்க பிழைப்பும் செத்துச்சு. ஆனா சட்டத்தைத் தூக்கி வைக்கும்போது ஒண்ணு ரெண்டு நசுங்கத்தான் செய்யும்” என்றார். கீழறைத் தேனை அவர் தொடுவதில்லை, அது ஈக்களுக்கு. மேலறைத் தேனை மட்டுமே எடுக்கிறார். பஞ்ச காலத்தில் சம அளவு நீரில் சர்க்கரையைக் கரைத்துப் பெட்டிக்குள் வைக்கிறார். தேனை விற்று வாழும் ஒருவர் தமக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு நான் அவரை மனத்தால் வணங்கினேன். அவரைப் பழிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. தேனீ வளர்ப்போரால் உழவுக்கும் நன்மை உண்டு.

ஆனால் என் பேரனுக்குச் சொல்ல வேண்டிய விடை அங்கே எனக்குக் கிடைத்தது. ஊர் திரும்பியதும் அவனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். “நீ கேட்டது சரிதான். பெட்டித் தேனில் முற்காலத்துக் கொலை இல்லை. ஆயினும் கடையில் உள்ள குப்பியைப் பார்த்து அது எப்படி எடுத்த தேன் என்று நாம் அறிய முடியாது. மலைத்தேனீயின் அடையைப் புகையிட்டு அறுத்த தேனும் இன்றும் விற்பனைக்கு வருகிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். தேன் என்பது என்ன? ஓர் உயிர்க்கூட்டம் தன் மழைக்காலத்துக்கு, பிறக்கப்போகும் தன் மக்களுக்கு வைத்த உணவு. அது நமக்குக் கொடுக்கப்பட்டதன்று. கொடாததைக் கொள்ளாமை நம் அணுவிரதங்களுள் ஒன்று. நமக்கு வெல்லம் உண்டு, பழம் உண்டு. தேன் இல்லாமல் நாம் சாகப்போவதில்லை. அவற்றுக்கு அது ஒன்றுதான் உண்டு” என்றேன். சூளாமணியில் தோலாமொழித்தேவர் காட்டும் மனிதனையும் நினைவூட்டினேன். யானை துரத்த, பாம்புகள் நிறைந்த குழிக்குள் தொங்கிக்கொண்டு, வாயில் சொட்டும் தேன்துளியை நக்கும் அம்மனிதனுக்குத் தன் நிலை மறந்துவிட்டது. நாவை அடக்கினால் கண் திறக்கும். இந்திரிய சம்யமத்துக்குத் தேனை விடுதல் முதற்பாடமாக அமைந்தது இதனால்தான்.

நம் முனிவர்கள் உணவு ஏற்கும் முறைகளுள் ஒன்றுக்குப் பிரமர ஆகாரம் என்று பெயர். வண்டு பூவுக்கு ஊறு செய்யாமல் மதுரம் பெறுவதுபோல, இல்லறத்தார்க்குத் துன்பம் நேராமல் உணவு ஏற்பது அது. மழைக்காலத்தில் தேனீ கூட்டுக்குள் அமைந்திருக்கும் அதே மாதங்களில் நம் முனிவர்களும் சாதுர்மாசத்தில் ஓரிடத்தில் தங்குகிறார்கள். நாம் நோன்பிருக்கும் இந்தத் தசலட்சண நாள்களிலும் அப்பெட்டிகளுக்குள் குறையுணவுதான். இவற்றையெல்லாம் பேரனிடம் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டே போனேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, “சரி தாத்தா, புரிகிறது. நம் வீட்டுச் சுவரில் தேனீ இருந்தது என்று பாட்டி சொல்வார்களே, அவை எங்கே போயின?” என்றான்.

பெருமக்களே, அவன் கேட்டதற்கு நான் அன்று விடை சொல்லவில்லை. இன்று உங்கள்முன் சொல்கிறேன்.

வந்தவாசிப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மேற்குச் சுவரில் ஒரு பொந்து உண்டு. என் தந்தையார் காலத்திலிருந்தே அதில் அடுக்குத் தேனீ குடியிருந்தது. தை, மாசியில் வரும்; இலுப்பையும் வேம்பும் புங்கமும் பூக்கும் பங்குனி, சித்திரையில் நிறைந்திருக்கும்; சில ஆண்டு ஆடிக்குள் போய்விடும், சில ஆண்டு தங்கிவிடும். அதனைப் புகையிட என் தந்தையார் ஒருநாளும் விட்டதில்லை. மருத்துவர் தேனில் குழைத்து உண்ணச் சொன்ன சூரணத்தை என் தாயார் வெந்நீரில்தான் கலந்து தருவார். அத்தகைய வீடு எங்கள் வீடு.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரையில், வீட்டை அடுத்த எங்கள் நிலத்தில் எள் பூத்திருந்தது. பூச்சி விழுந்திருக்கிறது என்றார்கள். மருந்தடிக்க ஏற்பாடு செய்தேன். ஆள் காலை பத்து மணிக்குத்தான் கிடைத்தார். பூத்த பயிரில், வெயிலேறிய நேரத்தில், ஈக்கள் மொய்க்கும் பொழுதில் அடிக்கச் சொன்னவன் நான். மறுநாள் காலை சுவரின் கீழே ஒரு முறம் அளவுக்குத் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி இறந்து கிடந்தன. சில தரையில் சுழன்றுகொண்டிருந்தன. வயலில் இறந்தவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. வெளியே சென்ற ஈக்கள் அழிந்தால் உள்ளே இருக்கும் புழுக்களுக்கு ஊட்ட யார் இருப்பார்? சில நாள் கழித்துப் பொந்திலிருந்து நாற்றம் வந்தது. அதன்பின் அச்சுவரில் தேனீ குடியேறவில்லை.

அந்த ஆண்டும் நான் தசலட்சண நோன்பிருந்தேன். அந்த ஆண்டும் தேனைத் தொடவில்லை. இந்திரிய சம்யமத்தில் குறை வைக்காத நான், பிராணி சம்யமத்தில் ஒரு குடும்பத்தையே இழந்தேன். ஒரு துளித் தேனில் உள்ள உயிர்களுக்கு அஞ்சி விரதம் பூண்ட மரபில் வந்த நான், என் நிலத்தில் அடித்த நஞ்சைக் கணக்கில் வைக்கவில்லை. நம்மில் பலர் உழுகுடியினர். ஆகவே இது என் ஒருவன் குறை மட்டுமாக இராது என்ற எண்ணத்தால் இதனை வெளியே சொல்லத் துணிந்தேன். உழவில் நேரும் உயிர்க்கேடு இல்லறத்தானால் முற்றும் தவிர்க்க இயலாதது என்பதை நம் நூல்களும் அறியும். ஆனால் தவிர்க்கக் கூடியதைத் தவிர்க்காமல் விடுவதற்கு அது சாக்காகாது.

எனவே இன்று உத்தம சம்யம நாளில் சில சிறு விரதங்களை உங்கள்முன் வைக்கிறேன். நிலமுடையோர், பயிர் பூத்திருக்கும்போது நஞ்சு தெளிப்பதில்லை என்று உறுதி கொள்ளலாம். வேறு வழியே இல்லை எனில், ஈக்கள் கூடு திரும்பிய மாலையில் தெளிக்கலாம். வேப்பங்கொட்டைச் சாறு போன்றவற்றை முதலில் முயலலாம். இது நமக்கும் நன்மை. பூசணியிலும் வெள்ளரியிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இடையே மகரந்தம் கொண்டு சேர்க்கத் தேனீ போன்ற உயிர்கள் இல்லையேல் காய் ஏது? வரப்பிலும் ஜினாலயத் தோட்டத்திலும் புங்கம், வேம்பு, இலுப்பை, நாவல் நடலாம். கோடையில் ஓர் அகன்ற சட்டியில் கூழாங்கல் இட்டுத் தண்ணீர் வைக்கலாம். கல்லின்மேல் அமர்ந்து ஈக்கள் நீர் அருந்தும், மூழ்காது.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபுரங்களிலும் உயர்ந்த மரங்களிலும் மலைத்தேனீ அடை கட்டினால், விழாவுக்கு முன் இரவோடு இரவாகத் தீப்பந்தம் காட்டி அழிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மக்களுக்கு ஆபத்து என்னும் அச்சம் நியாயமானதே. ஆனால் மலைத்தேனீ ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் தங்குவதில்லை. பூக்காலம் முடிந்ததும் வெற்றடையை விட்டுத் தானே இடம்பெயரும். அதுவரை அப்பக்கத்தில் நடமாட்டத்தையும் புகையையும் வாணத்தையும் தவிர்த்தால் பெரும்பாலும் போதும். இருந்தே தீராது என்றால், உயிர்க்கேடின்றி அகற்றத் தெரிந்தவரை அழைக்கலாம். ஜினாலயத்தில் நெருப்பு வேண்டாம் என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் எழுதினால், இந்த ஆண்டு விழாவின் பயன் அதுவே என்று நான் மகிழ்வேன்.

பேரனுக்கு இந்த உரையின் படியை அனுப்பப் போகிறேன். அவன் கேட்ட இரண்டாம் கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. சென்ற பங்குனியில் சுவர்ப் பொந்தைத் துப்புரவு செய்து, எறும்பு ஏறாதபடி செய்து வைத்தேன். எள் விதைக்கும் நிலத்தை மூன்று ஆண்டுகளாக நஞ்சில்லாமல் நடத்தி வருகிறேன். ஈக்கள் இன்னும் வரவில்லை. வந்தால் அவனுக்குத் தெரிவிப்பேன்.

 இவ்வுரையில் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். எவ்வுயிரும் இன்புறுக. அருகன் அறம் வளர்க. ஜெய் ஜினேந்திரம்.